துணைக்கால்

வெள்ளவத்தைக் கால்வாய் கடலைத் தொடுகிற இடத்தில்
ரயில் பாலத்துக்கு இந்தப் பக்கம்
பெப்ரவரியில் மாநகர சபை ஒரு பலகை நட்டது.
மூன்று மொழி, பச்சைப் பின்னணி, வெள்ளை எழுத்து.
சிங்களம் கூடாது என்றது.
ஆங்கிலம் கூடாது என்றது, அபராதத் தொகையையும் சொன்னது.
தமிழ் மட்டும் தாராளமாக,
"இங்கு குப்பை கொட்ட வேண்டும்."

ஓரெழுத்துத்தான்.
டாவுக்குப் பதில் டு.
எங்கள் மாடிக் குடியிருப்பில் ஒரு வாரம் இதே பகிடி.
இரண்டாம் மாடித் தயாபரன் பாம்பர்ஸ் பையோடு இறங்கி
"சட்டத்தை மதிக்கிறன்" என்றார். சிரித்தோம்.
நானும் ஓரிரவு
மீன் செதிலும் கணவாய் மையும் ஒழுகிய சொப்பிங் பையைச்
சுவருக்கு மேலால் விட்டேன்.
விழுந்த சத்தம் கேட்கவில்லை.
கீழே தண்ணீர் இல்லை, பைகள்தான்.

கால்வாய்க்குக் குறுக்கே செம்மஞ்சள் மிதவைக் கயிறு.
அதில் தடுபடுவதை
விடிய ஆறு மணிக்கு வாரி எடுப்பவர் சோமசிறி.
நீளக் கம்பில் வலை, நெஞ்சுவரை ரப்பர்.
செவ்விளநீர்க் கோம்பை, ரெஜிபோம், ஒற்றைச் செருப்பு,
ஒருமுறை முழு மெத்தை.
ஒருநாள் கபரக்கொய்யா, வயிற்றைச் சுற்றி நைலோன்.
அவிழ்க்க அரை மணித்தியாலம் போனது.
அது வாலால் ஒன்று போட்டுவிட்டுப் போனது.

அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.
என்ன எழுதியிருக்கு என்று ஒருநாள் கேட்டார்.
அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன்.
சிரிப்பார் என்று நினைத்தேன்.
வலையைச் சாத்திவிட்டுப் பலகையை வெகுநேரம் பார்த்தார்,
சம்பளச் சீட்டில் பிழை தேடுகிறவர் போல.

கடிதம் எழுதினேன். மூன்று.
முதலாவதற்குப் பதில் இல்லை.
இரண்டாவதற்குச் சிங்களத்தில் வந்தது:
உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது.
மூன்றாவதை நானே நகர மண்டபத்துக்குக் கொண்டுபோனேன்.
உரிய பிரிவு நான்காம் மாடியில் இருந்தது.
லிஃப்ட் பழுது.
மேசையில் இருந்த பெண், பெயர்ப்பட்டியில் தாரகா,
படத்தில் அந்த எழுத்தை உற்றுப் பார்த்து
"ஐயோ" என்றாள்.
எங்கள் இரு மொழிக்கும் பிழையின்றி வாய்த்த சொல்.
புதுப் பலகைக்குக் கேள்விப்பத்திரம் கோர வேண்டும், ஓகஸ்ட் ஆகும்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"பெயின்ட் இருந்தால்..."
வசனத்தை முடிக்கவில்லை.
அரசாங்கம் என்னோடு அவ்வளவு நேரடியாகப் பேசியது
அன்றுதான்.

ஞாயிறு. நளீம் ஹாட்வெயாரில் கால் போத்தல் வெள்ளை.
காசு வாங்கவில்லை,
அவர் கடைக் கழிவும் அங்கேதான் போகிறது.
ஏணியைத் தயாபரன் பிடித்தார்.
டுவின் சுழியைச் சுரண்டப் பச்சையும் சேர்ந்து உரிந்தது.
துணைக்கால் வைக்கத்தான் இடமில்லை.
டவுக்கும் ம்முக்கும் நடுவே ஒரு விரல் அகலம்.
மூச்சைப் பிடித்து மெலிந்த காலொன்றை இழுத்தேன்.
நொண்டியது. ஆனாலும் நின்றது.
மறுநாள் சோமசிறி வந்து, இப்போது என்ன என்றார்.
"எப்பா" என்றேன்.
"ஆ, எப்பா" என்று தலையாட்டிக்கொண்டு
தண்ணீரில் இறங்கினார்.
வேண்டாம் என்பதை இருவரும்
இவ்வளவு சந்தோஷமாகச் சொன்னதில்லை.

ஒரு கால் வைத்தால் கால்வாய் துப்புரவாகிவிடாது.
அன்றிரவே இரண்டு பைகள் விழுந்தன.
இம்முறை சத்தம் கேட்டது.
என்னுடையது குளிர்சாதனப் பெட்டியில்,
ஐஸ்கிறீமுக்குப் பக்கத்தில், செவ்வாய்க்குக் காத்திருக்கிறது.
லொறி செவ்வாயில்தான் வரும்.
சில செவ்வாய்களில் வராது.

புதுப் பலகை ஒக்டோபரில் வந்தது. பிழையில்லை.
பழையதைச் சோமசிறி கழற்றிக்
கரைச் சேற்றில் போட்டுக்கொண்டார், வழுக்காமலிருக்க.
விடிய ஆறு மணிக்கு
என் நொண்டிக் காலின் மேல் ஒரு காலை ஊன்றி
வலையை நீட்டுகிறார்.